முறுக்கு ஏற்றும் ஜீப்

தென்னூர் பட்டறை வாசலில் உச்சி வெயில். அற்புதசாமி முறுக்கு டின்னைக் காதருகே வைத்து ஆட்டுகிறார். காலையில் மணப்பாறையில் முழுசாக அடுக்கியது, உள்ளே தூளாகிச் சலசலக்கிறது. தொய்ந்துபோன பட்டைகளைக் கழற்றிவிட்டு ஜீப்புக்குக் கனத்த ஸ்பிரிங் பட்டைகள் போட்டதிலிருந்து இதே பாடு. “லாரிக்குப் போடுற கனத்துல கேட்டீங்க. முறுக்குக்கு அது எப்படிங்க அமுங்கும்?” என்கிறார் மெக்கானிக் மருதை. அற்புதசாமி பல்லைக் கடித்துக்கொண்டு டின்களை இறக்குகிறார், பட்டறையோரம் கிடந்த மணல் மூட்டைகளை ஏற்றுகிறார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். ஜீப் குலுங்காமல் மெத்தென்று வந்து நிற்கிறது. “இப்பப் பாரு, தொட்டில் மாதிரி போகுது” என்கிறார் கூட வந்திருக்கும் மனைவியிடம். ரோசம்மாள் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறாள். கால் வைக்க இடமில்லாமல் மூட்டைகள். அவள் காலடியில் டின்கள் வெயிலில் மினுங்குகின்றன. “சரிங்க, முறுக்கை எங்க வைக்கிறது?”