இதைவிட மோசமான லென்ஸ்

"இதைவிட மோசமா ஒண்ணு காட்டுங்கண்ணே."

பால்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். பூந்தமல்லியில் இருபது வருஷமாகப் பழைய கேமரா கடை வைத்திருக்கிறார். நல்ல லென்ஸ் கேட்டு வந்தவர்களைத்தான் அவருக்குத் தெரியும். மோசமானது வேண்டும் என்று வந்து நின்ற முதல் ஆள் இந்தப் பாண்டியன்தான்.

"இன்னா நைனா, வெளையாடுறியா? ஃபிலிம் காலத்து லென்ஸு இது. ஒரு வளையத்த மாட்டி இப்போ வர்ற கேமராவுல போட்டா, ஃபோகஸ் கையாலதான் திருப்பணும். ஆனா படம் சும்மா கத்தி மாதிரி வரும். இத வெச்சிக்கினுதான் நானே வேன் ஓட்டிக்கினு செங்கல்பட்டு வரைக்கும் போயி கல்யாணம் எடுத்தேன்."

பாண்டியனுக்கு நாற்பது வயதிருக்கும். அவன் கொண்டுவந்திருந்த டிஜிட்டல் கேமரா தங்கை மகன் கிஷோரிடம் இரவல் வாங்கியது. அவன் ஒரு நிமிஷம்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. கையில் சாவிக்கொத்து ஓயாமல் கிலுங்கிக்கொண்டிருந்தது.

பால்ராஜ் லென்ஸை மாட்டி, எதிரே தெரிந்த மெட்ரோ தூணுக்கு ஃபோகஸ் வைத்துக் கொடுத்தார். பாண்டியன் வாசலில் நின்று ஒரு படம் எடுத்தான்.

"பாரு. தூண் நம்பர் தெரியுது. கீழ பூக்காரம்மா தெரியுது. அதோட கூடை நசுங்கிக் கீது பாரு, அது கூட தெரியுது. காலைல எவனோ ஒரு பேமானி வண்டிய உட்டு இடிச்சிட்டு, நிக்காமப் போயிட்டான்."

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

"வேற காட்டுங்கண்ணே," என்றான் பாண்டியன். "மூணரைக்கெல்லாம் நான் கெளம்பணும். அதுக்குள்ள ஓனருக்குப் போட்டோ அனுப்பியாகணும். வாயால சொன்னா நம்ப மாட்டேன்றாரு."

பால்ராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புகை படிந்த மாதிரி படம் வேண்டும் என்று குறும்படம் எடுக்கிற பையன்கள் இப்போதெல்லாம் நிறைய வருகிறார்கள்.

"கனவு சீனா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தார். பூஞ்சை பிடித்த லென்ஸுகள். உதிரி பாகத்துக்கு ஆகும் என்று போட்டு வைத்தவை.

முதல் லென்ஸின் கண்ணாடிக்குள் வெள்ளை நூல்கள் ஓடியிருந்தன. பாண்டியன் அதே தூணைப் படமெடுத்தான். வலது கண்ணை மூடிக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்தான். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு தூணைப் பார்த்தான்.

"பத்தாது."

இரண்டாவதுக்கும் அப்படித்தான். மூன்றாவதுக்கும் அப்படித்தான். திரைக்கு ஒரு கண், தூணுக்கு ஒரு கண்.

"பெரிய கேமராமேன் கணக்கா ஒத்தக் கண்ணாலயே பாக்குற," என்று சிரித்தார் பால்ராஜ். அவன் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது.

நான்காவது லென்ஸ் பால் குடித்துவிட்டுக் கழுவாமல் விட்ட டம்ளர் மாதிரி இருந்தது. வெயில் தூணுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பாண்டியன் எடுத்தான். திரையைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். தெரியாத ஊரில் வெகுநேரம் அலைந்து, கடைசியில் தெரு பெயர்ப் பலகையைக் கண்டவன் போல அவன் முகம் ஆனது.

"இதான்."

"எடுத்துக்கினு போ. ஒனக்காகத்தான் பூஞ்சை புடிச்சிக் கீது."

"லென்ஸ் வேணாண்ணே. இந்த ஒரு படம் போதும்."

பால்ராஜுக்குச் சுர்ரென்றது. "அர மணி நேரமா பெட்டிய கொட்டிக் கவுத்துட்டு, இப்போ லென்ஸு வேணாமா?"

"அண்ணே, இதுல பூக்காரம்மா எங்க?"

பால்ராஜ் கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தார். எங்கும் வெள்ளை வெளிச்சம். நடுவே தூண் ஒரு நிழலாக நின்றது. அதன் அடியில் யாரும் இல்லை. தலையை நிமிர்த்தினார். பூக்காரம்மா அதே இடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் வலது கண்ணுக்கு இப்படித்தான் தெரியுது. புரை. வெயில் எதுக்க அடிச்சா இடது கண்ணும் இதே மாதிரி ஆயிடுது. அடுத்த மாசம்தான் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. நாப்பது வயசுல புரையா, லீவுக்குப் பொய் சொல்றியான்னு ஓனர் கேக்குறாரு."

கேமராத் திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பாண்டியன் போனைப் பால்ராஜிடம் நீட்டினான்.

"படிங்கண்ணே."

பால்ராஜ் படித்தார். "கதை உடாத. நாலு மணிக்கு ஸ்கூல் உடும். வண்டிய எடு."

கடையின் ஓரமாக ஒரு மஞ்சள் வேன் நின்றிருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். அதன் முன் பம்பரில் வாடிய மல்லிகைச் சரம் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது.

"இடிச்சதே எனக்குத் தெரியலண்ணே. பின்னால உக்காந்திருந்த புள்ள ஒண்ணு சொல்லித்தான் தெரியும்."

பாண்டியன் சாவிக்கொத்தை மேசை மேல், அந்த லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பதினாலு புள்ளைங்க. இன்னிக்கு மட்டும் நீங்க ஓட்டுறீங்களா?"