ஞானமா, கேடியா?

"நாளைக்குள்ள முடிவு சொல்லியாகணும். எனக்குக் கேடிதான் சரிப்படும். ஞானம் வேண்டவே வேண்டாம்!"

காபித் தம்ளரோடு மகளின் அறையைத் தாண்டிப் போன இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் முப்பது வருஷமாக அதையே பிழைப்பாக வைத்திருக்கும் காது சும்மா இருக்குமா?

"ஞானம் அழகு, அமைதி, எல்லாம் சரி. ஆனா என்னா பிடிவாதம்! தான் வச்சதுதான் சட்டம். சின்னமணி பாவம், சாது. யார் வந்தாலும் ஒத்துப்போகும். ஆனா ரெண்டே நாள்ல அலுத்துடும். கேடி அப்படியா? நான் எப்படிச் சொல்றேனோ அப்படியே மாறும்!"

இன்ஸ்பெக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேடி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான். ஸ்டேஷன் சுவரில் போட்டோவாகத் தொங்கும் பேர்வழி. எத்தனையோ கேடிகளை உள்ளே தள்ளியவர் வீட்டுக்கு ஒரு கேடி மாப்பிள்ளையாக வருவதா? இருப்பதோ ஒரே மகள்.

நேரே அடுப்படிக்குப் போனார்.

"உன் பொண்ணு பேசறதைக் கேட்டியா? மூணு பேர்ல ஒரு கேடியைப் பொறுக்கி எடுத்திருக்கா! அவனைப் போய் அது, இதுங்கறா. அவ்வளவு உரிமை!"

"நான்கூடத்தான் கல்யாணமான புதுசுல, 'அது இன்னும் வீட்டுக்கு வரலை'ன்னு எங்கம்மாகிட்ட சொல்லுவேன்," என்றாள் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

"விளையாடாதே! அந்த ஞானத்துக்கு என்ன குறைச்சல்? சின்னமணிகூட நல்ல பையனாத்தான் தெரியறான்."

"அதை அவகிட்டயே கேளுங்களேன். என்கிட்ட எதுக்கு விசாரணை?"

கேட்கத்தான் பயமாக இருந்தது. அதனால் முதலில் கான்ஸ்டபிளைப் போனில் பிடித்தார். "யோவ், நம்ம பொண்ணு வேலை பார்க்கிற நூலகத்துக்குப் போ. கேடின்னு எவனாவது அங்கே சுத்தறானான்னு நைசா விசாரி."

பிறகுதான் மகளின் அறைக்குள் நுழைந்தார். ஊரையே நடுங்க வைக்கும் குரல் மகளிடம் வந்ததும் குழைந்தது.

"அம்மாடி, ஞானத்தை எதுக்கு வேண்டாங்கறே?"

"ஞானமா? யாருப்பா அது?"

"பிடிவாதம்னு சொன்னியே. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும். அதுக்காக ஒரு கேடியையா..."

மகள் திருதிருவென்று விழித்தாள். பிறகு விஷயம் புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அப்பா! ஞானம் இல்ல, க்னோம்! சின்னமணி இல்ல, சின்னமன்! கேடின்னா கே டி ஈ! எல்லாமே கம்ப்யூட்டர் சமாசாரம்!"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "நூலகத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடறோம். அதுல உள்ளே ஓடற எஞ்சின் ஒண்ணுதான். வெளியே தெரியற டெஸ்க்டாப்பை மட்டும் நாமளே தேர்ந்தெடுத்துக்கலாம். எதைப் போடலாம்னுதான் கூட வேலை பார்க்கிறவரோட சண்டை. அவர் க்னோம் கட்சி."

இன்ஸ்பெக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் முழுசாக நம்பிவிடுவாரா? "எங்கே, ஒவ்வொண்ணாக் காட்டு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் க்னோம். மேலே மெல்லிசாக ஒரு பட்டை. மற்றபடி துடைத்துவிட்டதுபோல் திரை.

"பளிச்சுன்னுதான் இருக்கு. அந்தப் பட்டையைக் கீழே இறக்கு."

"லேசுல இறங்காதுப்பா. அதுக்குன்னு தனியா எதையாவது தேடிப்பிடிச்சுச் சேர்க்கணும்."

"நிஜமாவே பிடிவாதம்தான்," என்று ஒத்துக்கொண்டார்.

சின்னமன் வந்தது. கீழே பட்டை, மூலையில் மெனு, எல்லாம் வழக்கமான இடத்தில். "இது எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கு. எனக்கே கொட்டாவி வருது."

கடைசியில் கேடி. மகள் பட்டையை இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம் தள்ளினாள், மேலே ஏற்றினாள். அப்பாவுக்காக எல்லாவற்றையும் காக்கி நிறத்துக்கு மாற்றினாள். ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தபோது அது ஜெல்லிபோல் தளதளவென்று ஆடியது. இன்ஸ்பெக்டர் மவுஸைப் பிடுங்கித் தானும் ஆட்டிப் பார்த்துக் குழந்தைபோல் சிரித்தார்.

"சொன்ன பேச்சைக் கேக்கற கேடியை என் சர்வீஸ்ல இப்பத்தான் பார்க்கறேன்! தாராளமா இதையே வச்சுக்கோ."

"இதைப் போய்க் கல்யாணப் பேச்சுன்னு நினைச்சீங்களே!" மகளுக்கு மறுபடியும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, இங்க வாயேன், அப்பாவோட துப்பறியும் லட்சணத்தைப் பாரு!"

அம்மா கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். அப்போது இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. மவுஸை விட மனமில்லாமல் அவர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, இங்க கேடின்னு யாரும் இல்லீங்க," என்றார் கான்ஸ்டபிள். "ஆனா கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி ஒருத்தர், என் யூனிஃபார்மைப் பார்த்ததுமே எல்லாத்தையும் கொட்டிட்டாரு. 'ஞானம்தான் என் உசுரு, ஆனா இன்ஸ்பெக்டர் பொண்ணு என்னைக் கட்டிக்கிறதா இருந்தா இன்னைக்கே கேடியா மாறிடறேன்'ங்கறாரு."

மகளின் சிரிப்பு சட்டென்று நின்று முகம் சிவந்தது.

"அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பாப்பா முழிச்சுக்கிட்டு இருக்காம் ஐயா. இப்ப இவரை விட்டுடவா, இல்ல மாப்பிள்ளைன்னு வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடவா?"