ஈறு நிறத்தில் ஒரு கொக்கி

கார்க் கதவின் கைப்பிடிக்குள் ஒடிந்திருந்த கொக்கி சுண்டுவிரல் நகமளவுதான். “இது தனியா கிடைக்காது டாக்டரம்மா. கைப்பிடியையே மாத்தணும்” என்றார் மெக்கானிக் சவரிமுத்து, வாயைத் துணியால் மறைத்தபடி. முன்பல் பாதி உடைந்த நாளிலிருந்து அவர் துணியில்லாமல் யாரிடமும் பேசியதில்லை. பல் டாக்டர் ஜமீலா, மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோன பையைத் தன் காரிலிருந்து எடுத்துத் திறந்தார். பல் செட்டு செய்கிற இளஞ்சிவப்புப் பொடியைச் சின்னக் கிண்ணத்தில் குழைத்தார். ஒடிந்த இடத்தில் கம்பித் துண்டொன்றை நட்டு, இல்லாத கொக்கியை விரல்நுனியால் அதன்மேல் வளர்த்தெடுத்தார். “தொட்டுப் பாருங்கண்ணே, இறுகுது.” அப்போதுதான் இட்ட முட்டைபோல் வெதுவெதுவென்றிருந்தது. ஆறியதும் டாக்டரம்மா அதை அரத்தால் ராவி மாட்டினார். ஒரே இழுப்பில் கதவு திறந்தது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சவரிமுத்து நகத்தால் தேடினார். முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய நகத்துக்கு அது அகப்படவேயில்லை. கதவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். டாக்டரம்மா கைகழுவிவிட்டு வருவதற்குள் ஸ்டூலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துணியைத் தோளில் போட்டார். அண்ணாந்து, வாயைத் திறந்தார்.