கைக்குட்டை விழுந்த இடம்

"பல்லைக் காட்டுடி ஓனோரா, மாப்பிள்ளை வர்றான்!" என்று பக்கத்தில் நின்ற பெக் இடித்தாள்.

ஆஸ்திரேலியாவின் பாராமட்டா பெண்கள் சிறை முற்றத்தில் முப்பது கைதிகள் வரிசையில் நின்றார்கள். பெண் தேடி வருகிறவன் பிடித்தவள் காலடியில் கைக்குட்டையைப் போடுவான். அவள் எடுத்துக்கொண்டால் கல்யாணம்; அன்றே சிறையை விட்டு வெளியே.

ஓனோராவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே தூங்கும் அவள் குழந்தைக்கு நாளை நாலு வயது; அதற்குமேல் சிறையில் வைத்திருக்க விடமாட்டார்கள். விடிந்தால் அநாதை இல்லத்து வண்டி வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு போய்விடும். இந்த மாதம் வந்த மூன்று பேரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள், கண் அவிந்தவர்கள்!

இன்று வந்தவன் ஆடு திருடி நாடு கடத்தப்பட்டவன். புதர்த் தாடி; கையில் பண்ணை எஜமான் கொடுத்த கல்யாண அனுமதிச் சீட்டு.

"இப்ப ஆடு மேய்க்கிறானாம். திருடினவன் கையிலயே ஆட்டைக் குடுத்திருக்கானுங்க பாரு," என்றாள் பெக். வரிசை களுக்கென்று சிரித்தது.

அவன் அழகிகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்து ஓனோரா முன்னால் நின்றான். நிமிர்ந்து பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பயந்துட்டா, பாவம்," என்றாள் பெக்.

கைக்குட்டை தரையைத் தொடும் முன்பே ஓனோரா அதைப் பிடித்துவிட்டாள்.

சிறையை நடத்தும் மேட்ரன் முறைத்தாள். "என்ன அவசரம்? இவனை முன்னபின்ன தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க."

"பதிவேட்டுல விதவைன்னு இருக்கு. சரிதானே?"

"ஆமாங்க."

"இவ பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாங்களா?" என்று அவன் குறுக்கே கேட்டான்.

"தாராளமா. எங்களுக்கு ஒரு வாய் மிச்சம்," என்று மேட்ரன் சீட்டில் முத்திரை குத்தினாள்.

வெளியே வந்ததும் அவன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஆற்றுப்பாலம் தாண்டியதும் ஓனோரா அவன் மார்பில் படபடவென்று குத்தி அழுதாள்.

"பாவி மனுஷா! கைக்குழந்தையோட நான் கப்பலேறினப்போ, நீயாவது அயர்லாந்துல நிம்மதியா இருப்பேன்னு நினைச்சேனே! புருஷன் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிருந்தா, விதவைன்னு நான் சொன்ன பொய்க்கு நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சிருப்பாங்க. அடுத்தவன் ஊசியைக்கூடத் தொடாத ஆளு நீ, உனக்கு எதுக்கு இந்தத் திருட்டு?"

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"திருடினாத்தானேடி இந்த ஊருக்குக் கப்பல்ல ஓசியில ஏத்துறான்!"