சாவித்திரி வீட்டு மேனேஜர்

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள மேனேஜரை வெளியே அனுப்பிடணும்," என்றாள் சாவித்திரி.

"நான் கிட்டயே போக மாட்டேன். போன வாட்டி கடிச்சு வெச்சான்," என்றார் அவள் கணவர் கிருஷ்ணராஜ்.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டு ஆமை. தான் நகராது; மற்றவர்கள் நகர்ந்தால் மட்டும் கழுத்தை நீட்டிப் பார்க்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அப்பா சாயங்காலந்தோறும் வந்து தன் மேனேஜரைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, மகள் ஹரிணி வைத்த பெயர் அது.

அன்றைக்கு ஹரிணியைப் பெண் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வருகிறார்கள். சொந்தத் தறியில் லுங்கி நெய்யும் குடும்பம், ஒரே பையன். ஆமை இருக்கிற வீடு விளங்காது என்று நம்புகிறவர்கள்தான் ஊரில் பாதிப் பேர். ஆமைத் தொட்டியைப் பார்த்தால் வந்த காலோடு திரும்பிவிடுவார்கள் என்பதுதான் சாவித்திரியின் பயம்.

எதிர்வீட்டு தேவகி பக்கெட்டோடு வந்து நின்றாள். உதவி செய்யவும்தான், வேடிக்கை பார்க்கவும்தான்.

"எங்க பாத்ரூம்ல வெச்சுக்கறேன்கா. ஆனா அவங்க கிளம்பின உடனே எடுத்துக்கணும். எங்க வீட்டுக்காரரு பார்த்தாருன்னா பேஜாரு."

"யார்கிட்டயும் மூச்சு விடாத தேவகி."

"நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்?" என்றாள் தேவகி. இந்தப் பக்கத்து போர் தண்ணி உப்பு என்று ஆமைக்குக் கேன் தண்ணி ஊற்றுகிற சங்கதியை, தான் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராக இறக்கிவிட்டவளே அவள்தான்.

ஆமையைப் பக்கெட்டில் வாங்கிக்கொண்டு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "விசாரிச்சேன்கா. பையன் தங்கமாம். ஆனா இதுக்கு முன்னாடி ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்க, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய்ட்டு வந்து வேணாம்னுட்டாங்களாம். இன்னா காரணம்னுதான் தெரியல." தெரியாததில் அவளுக்கு வருத்தம் அதிகம்.

கிருஷ்ணராஜ் ட்யூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். கொஞ்சம் ஜாஸ்தியாகவே உறிஞ்சிவிட்டார். அவர் ஓடிப்போய் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்க, பச்சைத் தண்ணி வாசல் சாக்கடையில் இறங்கியது. தோல் ஊறுகிற வாடையிலேயே பிறந்து வளர்ந்த தெரு, அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டது.

சாவித்திரி தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்தாள். ஒரு கண் தொட்டியில், ஒரு கண் தெருமுனையில்.

"சோப்பு போடாதம்மா. அதுக்கு ஆகாது," என்றாள் ஹரிணி.

"அது திரும்பி வந்தாத்தானே."

ஹரிணி முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துடைத்த தொட்டியில் மணி பிளான்ட்டை வைத்து நிமிரவும், வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பையன் நவநீதன் உட்கார்ந்ததும் பெண்ணைப் பார்க்கவில்லை. ஜன்னலோரத் தொட்டியைத்தான் பார்த்தான். "செங்கல்லைச் சாய்வா வெச்சிருக்கீங்களே," என்றான்.

சாவித்திரிக்குப் பகீரென்றது. ஆமை ஏறி உட்காரும் கல்லை எடுக்க மறந்துவிட்டாள். "அது... செடிக்கு முட்டுக்கொடுக்க தம்பி."

"வெயில் நல்லா விழுற இடம்," என்றான் அவன், யாரிடமும் இல்லாமல்.

அவனுடைய அம்மா முத்துமாரி, ஹரிணி கொடுத்துவிட்டு உள்ளே போன காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "வீட்ல ஏதாச்சும் வளர்க்கறீங்களா?"

"துளசி," என்றாள் சாவித்திரி.

அதோடு விட்டிருக்கலாம். கிருஷ்ணராஜ் வாயைத் திறந்தார். "ஆமை கீமை வளர்க்கற வீட்டுப் பக்கமே நாங்க போறதில்லைங்க. அதெல்லாம் விளங்காத குடும்பம் பண்ற வேலை."

முத்துமாரி பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தாள். மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்ப கிளம்பறோம். சொல்லி அனுப்பறோங்க."

பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கே தப்பு நடந்தது என்று சாவித்திரி தவித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலில் பக்கெட் இடித்தது.

அவர்கள் எழுந்ததை எதிர் ஜன்னலிலிருந்து பார்த்து, போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டிருந்தாள் தேவகி. "அக்கா, இந்தா உன் ஆமை. கால் கழுவப் போன எங்க வீட்டுக்காரரோட கட்டை விரலைப் புடிச்சிடுச்சு."

சொன்ன பிறகுதான் நின்றிருந்தவர்களைப் பார்த்தாள். பக்கெட்டுக்குள்ளிருந்து மேனேஜர் கழுத்தை நீட்டி எல்லோரையும் ஒருமுறை மேற்பார்வை பார்த்தார்.

"அது எங்களுது இல்லீங்க," என்றார் கிருஷ்ணராஜ்.

ஹரிணி உள்ளேயிருந்து வந்தாள். பட்டுப் புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆமையைத் தூக்கிக்கொண்டாள். "எங்களுதுதாங்க. என்னுது."

சாவித்திரி தேவகியை முறைத்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

நவநீதன் அப்போதுதான் முதல் தடவையாகப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். முத்துமாரி திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன காபியைக் கையில் எடுத்தாள்.

"எங்க வீட்ல ரெண்டு இருக்குது, சம்பந்தி."