நெட்டைச் செடிகள்

நெட்டையாக இருப்பதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

நாத்தனார் தலையாட்டிவிட்டுப் பாத்தி ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

புருஷன் வீடு வேண்டாம் என்று பெட்டியோடு வந்து பத்து நாளாகிறது. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: எங்கள் செடி நர்சரி வேலை தங்கைக்குக் கைவந்தால் எங்களோடு இருக்கலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார். சோதனைக்கு ஒரு பாத்தி, ஒரு நாள். சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான்.

ஆரஞ்சு ஒட்டுக் கட்ட, அடியில் வேராக நிற்கப்போகும் வேர்ச்செடியைப் பொறுக்குவதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாத்தியில் தனியாக ஓங்கி நிற்பது கண்ணை இழுக்கும். அது வேறு மரத்து மகரந்தம் சேர்ந்து முளைத்த கலப்பு. அதன்மேல் ஒட்டினால் தோப்பில் எந்த மரம் எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே மட்டமாக நிற்பவைதான் தாய்ச்செடியை அப்படியே உரித்துவைத்தவை. அவற்றை விட்டுவிட்டு நெட்டையையும் குட்டையையும் பிடுங்கிவிட வேண்டும்.

அவள்மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. என் அடுப்படியில் இன்னொருத்தி நிற்பது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அற்பத்தனம்தான். அதற்காக ஒரு பாத்தியே பாழானாலும் போகட்டும் என்று இருந்தேன்.

ஒட்டுக் கட்டுகிறேன் பேர்வழி என்று நாள் முழுக்க நிழல்வலைக்குள் ஒளிந்துகொண்டேன்.

சாயங்காலம் அவர் பாத்தியைப் பார்க்க வந்தார். நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன்.

சீப்பால் வாரிவிட்டது போல ஒரே மட்டம். மருந்துக்குக்கூட ஒரு நெட்டை இல்லை.



முதல் நாளில் எல்லோரும் நெட்டையிடம் ஏமாறுவார்கள், நீ எப்படித் தப்பித்தாய் என்று தங்கையைக் கேட்டார்.

"அண்ணிதான் ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

அவர் என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவர் தலை மறைந்ததும் அவள் பக்கம் திரும்பினேன். அவளே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைகாட்டினாள். முந்தின நாள் பக்கத்துப் பாத்தியிலிருந்து நான் பிடுங்கிப் போட்ட குவியல் வாடிக் கிடந்தது. முக்கால்வாசியும் நெட்டை. காலையில் கை கழுவப் போனபோதே பார்த்துவிட்டாளாம்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்கும் வரட்டுமா அண்ணி?"