வாசல் பெஞ்சு

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல உனக்கு எதுக்குடி காலேஜ்?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி நிமிரக்கூட இல்லை. தோள்பையில் தடிப் புத்தகங்களைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் என்ன படிப்பு! தொல்லியலாம், சிற்பக்கலையாம். உடைஞ்ச சிலைக்கு வயசு சொல்ற படிப்பு. இங்கே வீட்டுக்குள்ள ஒருத்தன் உடைஞ்சு கிடக்கிறான், அவனைக் கேக்க நாதியில்லை."

"இன்னைக்கு டெஸ்ட் இருக்குக்கா. நர்ஸம்மா கூடவே இருப்பாங்க. சாயங்காலம் வந்துடறேன்."

"அவன் அதே பாடத்துக்குப் புரொபசரா இருந்தப்போ மியூசியத்துக்குள்ள ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பியா? கல்லைப் பார்த்தா தலைவலின்னு வாசல் பெஞ்சுல உக்காந்து ஸ்வெட்டர் பின்னினவதானே நீ?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

அக்கா தம்பியின் அறைக்குப் போனாள். சுவர் முழுக்கப் புத்தகம். நடுவில் நாற்காலியில் அவன், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜன்னலையே பார்த்தபடி. மறதி நோய் என்று போனில் கேட்டது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

"அக்கா வந்திருக்கேன்டா."

அவன் மரியாதையாகத்தான் பார்த்தான். "எனக்கு ஒரு அக்கா உண்டு. போன்ல பேசுவாங்க. நீங்க யாரு?"

தட்டில் சாதம் பிசைந்து கொண்டுவந்து, கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "முன்னே பின்னே தெரியாதவங்க கையால நான் சாப்பிடறதில்லை."

சமையலறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அவளுக்கு அழுகையைவிட அது சுலபமாக வரும். கொண்டுவந்த காலிப் பெட்டியைக் கூடத்தில் திறந்து வைத்து, தம்பியின் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

நர்ஸ் கையைப் பிசைந்தாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எந்த அம்மா? பை மாட்டிக்கிட்டுக் காலேஜ் போச்சே, அந்தக் குமரியா? என் தம்பி என் வீட்டுலயே இருக்கட்டும். இங்கே இருந்தா பட்டினியிலேயே போய்ச் சேர்ந்துடுவான்."

"சாயங்காலம் சாப்பிடுவாரும்மா."

"சாயங்காலம் மட்டும் பசிக்கிற வயிறா அது?"

நர்ஸ் சாப்பாட்டை மூடி வைக்கச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. அக்கா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

தம்பி பெண்டாட்டி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் வெளுத்துப்போனது. ஆனால் நிற்கவில்லை. பையைக்கூட இறக்கவில்லை. சமையலறைக்குள் போய், நர்ஸ் மூடி வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ப் புருஷனின் அறைக் கதவைத் தட்டினாள்.

"கட்டின புருஷன் ரூமுக்குக் கதவு தட்டிட்டுப் போற அளவுக்கு நாகரிகம் முத்திப்போச்சா?"

பேசாதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டு அவள் குரல் கொடுத்தாள்.

"சார், உள்ளே வரலாமா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த குரல் எழுந்து உட்கார்ந்தது. "வாங்கம்மா, வாங்க. படிச்சிட்டு வந்தீங்களா?"

அக்கா கதவோரமாக வந்து நின்றாள்.

தம்பி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். அவள் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். தலை உடைந்த புத்தர் சிலை.

"இது எந்த ஊர்ப் பட்டறை?"

"மதுரா, சார்."

"எப்படிச் சொல்றீங்க? தலையே இல்லையே!"

"வலது தோள்ல துணி இல்லை. காந்தாரம்னா பெரும்பாலும் ரெண்டு தோளும் மூடியிருக்கும். கல்லும் சிவப்பு, அதுல வெள்ளைப் புள்ளி."

"பேஷ்! தலை போனா என்ன, தோளை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்." அவன் சிரித்தான்.

"சார், நீங்க சாப்பிட்டுக்கிட்டே சொன்னாத்தான் அடுத்த படம்."

அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள். ஒரு வாய், இன்னொரு வாய்.

நர்ஸ் அக்காவின் காதோரம் கிசுகிசுத்தாள். "பெண்டாட்டின்னு சொல்லிக்கிட்டுப் போனா யாரோன்னு கதவைச் சாத்திடுவாரும்மா. ஸ்டூடண்ட்னா மட்டும்தான் உள்ளே விடுவாரு. முதல்ல அம்மா சும்மா ஒரு புத்தகத்தைத் தூக்கிட்டுப் போனாங்க. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலை. படிக்காம என் வகுப்புக்கு வராதீங்கன்னு வெளியே அனுப்பிட்டாரு. அப்புறம்தான் நிஜமாவே காலேஜ்ல சேர்ந்தாங்க."

உள்ளே அவன் திடீரென்று புத்தகத்தை மூடினான்.

"இன்னைக்குச் சீக்கிரம் முடிச்சுக்குவோம்மா. என் வீட்டுக்காரிக்கு இந்தக் கல்லெல்லாம் பிடிக்காது. பாவம், வாசல் பெஞ்சுல எனக்காகத் தனியா உக்காந்திருப்பா."

அவள் கை பாதியில் நின்றது.

"அவங்க இருப்பாங்க சார். நீங்க சொல்லுங்க."

அக்கா கூடத்துக்குத் திரும்பினாள். பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, திறந்திருந்த கதவையே மெல்லத் தட்டினாள்.

"சார்... நானும் உள்ளே வரலாமா?"

தம்பி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் உறவு இல்லை, வாத்தியாரின் கண்டிப்பு மட்டும்தான் இருந்தது.

"வந்து உக்காருங்க. பாதிப் பாடம் முடிஞ்சுபோச்சு. இத்தனை நாளா எங்கே போயிருந்தீங்க?"